ரோட்டு மணி

என் மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிற சமயத்தில், ஆறாவதுக்கு அவளை எங்கே சேர்ப்பது என்று பள்ளிக்கூடங்களைப் பார்த்துவரக் கிளம்பினேன். தனியார் பள்ளியைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை. அரசுப் பள்ளிகள் மூன்று இருந்தன. ஒன்று, எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கிற நடுநிலைப் பள்ளி. இன்னொன்று, கிருஷ்ணகிரியில் இருக்கிற பெண்கள் பள்ளி. மூன்றாவது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேல்நிலைப் பள்ளி.

ரோடு என்று எங்கள் ஊரில் சொன்னால் அது ஒன்றுதான். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிற நெடுஞ்சாலை. மற்றதை எல்லாம் தடம் என்போம், சந்து என்போம்.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன். பிளாஸ்டிக் கூரை போட்டு ரோஜா வளர்க்கிற பாலி ஹவுஸில் பூ வெட்டுகிற வேலை. வெட்டிய பூவைப் பழைய பேப்பரில் சுற்றிக் கட்டி அனுப்புவோம். சுற்றுவதற்கு முன்னால் அந்தப் பேப்பர்களைப் படித்துவிடுவேன். எனக்கு இந்த எழுத்து வந்தது அப்படித்தான். பேச்சு மட்டும் இன்றுவரை வரவில்லை. தெரியாத ஆள் எதிரில் வந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால், பள்ளிகளை நானே போய்ப் பார்த்துவருகிறேன் என்று சொன்னபோது என் மனைவி நம்பவில்லை. அவள் ஊத்தங்கரைப் பக்கத்துக்காரி. மனதில் பட்டதை அப்போதே சொல்லிவிடுவாள்.

"நீங்களா? வாத்தியாருங்க எதிர்ல நின்னு என்னா பேசுவீங்க?"

"பாத்துட்டு வர்றன். பேசறது என்னாத்துக்கு?"

"பள்ளிக்கூடம் என்னா சினிமாவா, பாத்துட்டு வர?"

மகள் சிரித்தாள். அவளுக்கு எந்தப் பள்ளி வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கத்துப் பள்ளிதான். அங்கே சயின்ஸ் லேப் இருக்கிறது, கோ-கோ விளையாட மைதானம் இருக்கிறது, அவளோடு படித்த பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே போகிறார்கள். வாய்விட்டுச் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளியின் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் முதலில் எடுக்க மாட்டார்கள்.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். அவள் அந்தப் பள்ளியில்தான் படித்தாள். எங்கள் ஊர்ப் பள்ளி அப்போது ஐந்தாவதோடு முடிந்துவிடும். மேலே படிக்கிறவர்கள் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். அப்போது ரோடு இவ்வளவு அகலம் கிடையாது. நடுவில் தடுப்புச் சுவரும் கிடையாது. ஒரு சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போது லாரி அடித்துவிட்டது.

நான் அதைப் பார்க்கவில்லை. அப்பா, அம்மா, தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கச் சொல்லவும் ஆள் இல்லை. நான் அடுப்பு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வற்றி, சோறு அடிப்பிடித்து, கருகி, வீடெல்லாம் புகை ஆகும்வரை உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் யார் வீட்டிலாவது சோறு அடிப்பிடித்தால் நான் வெளியே வந்து நின்றுவிடுவேன். மனைவி அதற்குக் காரணம் கேட்பதில்லை. கல்யாணமான புதிதில் ஒரு முறை கேட்டாள்.

நான் ஐந்தாவது முடித்தபோது அம்மா, "ரோட்டத் தாண்டிப் போவ வேணாம்" என்றாள். அவ்வளவுதான் என் படிப்பு.

எங்கள் பக்கத்தில், கல்யாணம் ஆகாமல் இறந்துபோகிற பெண் அந்த வீட்டுக்கே தெய்வமாகிவிடுவாள். பூவாடைக்காரி என்போம். வீட்டில் எந்த நல்ல காரியம் தொடங்கினாலும் முதலில் அவளைக் கூப்பிட்டு, புதுத் துணியும் பூவும் வைத்துப் படைக்க வேண்டும். தை மாசத்தில் ஒரு படையல் கட்டாயம் உண்டு. படைத்த துணியைப் பிறகு வீட்டில் ஒரு பெண் பிள்ளை உடுத்திக்கொள்ளும். பெரிய பெண்ணாக இருந்து செத்தவர்களுக்குச் சேலை வைப்பார்கள். என் அக்காவுக்குப் பாவாடை சட்டை. அவளுடைய பழைய பாவாடை ஒன்றை அம்மா பத்திரமாக வைத்திருந்தாள். அதுதான் அளவு. ஒவ்வொரு முறையும் அந்தப் பாவாடையைக் கொண்டுபோய் டெய்லரிடம் கொடுப்போம். அதே நீளம், அதே இடுப்பு. டெய்லர் மாறிவிட்டார், இப்போது அவர் மகன் தைக்கிறான். அளவு மட்டும் மாறவில்லை. தெய்வமான பிறகு அவள் பெயரையும் எங்கள் வீட்டில் சொல்வதில்லை. அம்மா சாகும்வரை சொல்லவில்லை.

என் மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து படையல் துணியை அவள்தான் உடுத்துகிறாள். முதலில் தரையில் புரளும். என் மனைவி கீழே உள்பக்கமாக மடித்துத் தைத்துக் கொடுப்பாள். வருசத்துக்கு வருசம் அந்த மடிப்பு சின்னதாகிக்கொண்டே வந்தது. மற்றவர்கள் பிள்ளை வளர்கிறாள் என்று பார்த்தார்கள். நான் அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஊர்ப் பள்ளிக்குப் போனேன். நான் படித்த பள்ளிதான். இப்போது எட்டாவதுவரை இருக்கிறது. புதுக் கட்டடம், புதுக் கழிப்பறை, சுவர் முழுக்கப் படம். ஆறாவதும் ஏழாவதும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் தமிழ்ப் பாடம் நடந்தது, இன்னொரு பக்கம் பிள்ளைகள் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய டிவி ஒன்று துணி போட்டு மூடியிருந்தது. தலைமை ஆசிரியர் என்னைத் தெரிந்தவர். பக்கத்து ஊர்க்காரர். மறைக்காமல் சொன்னார்.

"பாப்பா நல்லாப் படிக்கிது. இங்கயே வுட்டா எனக்கு சந்தோசம்தான், ரெஜிஸ்டர்ல ஒரு தலை கூடும். ஆனா கணக்குக்கு வாத்தியாரு இல்ல. வருவாரு வருவாருன்னு சொல்லிக்கிட்டே இருக்கறாங்க. நானே தமிழு, நானே கணக்கு, நானே பெல்லு. உங்க பொண்ணுக்கு நான் என்னா சொல்லட்டும்?"

நான் தலையாட்டினேன். பழைய கட்டடம் ஒன்று பின்னால் பூட்டிக் கிடந்தது. அக்காவும் நானும் படித்த அறை. ஓடு சரிந்திருந்தது. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். உடைந்த பெஞ்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். சுவரில் இருந்த கரும்பலகையில் யாரோ எழுதி அழித்த தடம் வெள்ளையாகத் தெரிந்தது. என்ன எழுத்து என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் முயன்று பார்த்தேன்.

அடுத்து கிருஷ்ணகிரிக்குப் போனேன். பள்ளி விடுகிற நேரத்துக்குப் போய், எதிரில் ஒரு புங்க மரத்தடியில் நின்றுகொண்டேன். எனக்கு அந்தப் பள்ளியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. உயரமான சுவர், பெரிய இரும்பு கேட், கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன். சுவரைப் பார்க்கப் பார்க்க மனசு ஆறியது. மணி அடித்ததும் பிள்ளைகள் வெள்ளம் மாதிரி வந்தார்கள். எல்லாம் ஒரே உடுப்பு, ஒரே மாதிரி மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை. பின்னாலிருந்து பார்த்தால் எல்லாப் பிள்ளையும் ஒரே பிள்ளைதான். அப்படிப் பின்னாலிருந்து பார்க்கிற இடத்தில் நான் நின்றிருக்கக் கூடாது. ஒருத்தி பையை ஒரு தோளில் மட்டும் மாட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து போனாள். என் அக்காவுக்கு அந்த நடை. அவளுக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்விட்டேன். ஒரு கை என் தோளைப் பிடித்தது.

"யாருய்யா நீ? அப்ப புடிச்சி பாக்கறன், பொம்பளப் புள்ளைங்க ஸ்கூலு எதிர்ல நின்னுக்கினு இருக்கற?"

வாட்ச்மேன்.

"கேக்கறன் இல்ல?"

"எம் பொண்ண... சேக்கணும். பாக்க வந்தன்."

"சேக்கணும்னா உள்ள போயி எச்.எம்மக் கேளு. மரத்தடியில நின்னா மரமா வந்து சேத்துக்கும்?"

பக்கத்தில் கடலை விற்கிற பெண் சிரித்தாள். நான் உள்ளே போகவில்லை. பஸ் ஏறிவிட்டேன். ஆனாலும் அன்றைக்கு மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். பஸ் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே நிற்கிறது. ஏறினால் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து நடக்கிற தூரம். அதோடு அந்தச் சுவர்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"போவும்போது இந்தப் பக்கம் ஏறுவா. சரி. வரும்போது?"

"வரும்போது என்னா?"

"வரும்போது பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்கும்?"

நான் அன்றைக்குத்தான் அதே பஸ்ஸில் வந்து, அந்தப் பக்கம் இறங்கி, தடுப்புச் சுவரில் இருக்கிற இடைவெளி வழியாக ரோட்டைத் தாண்டி வந்திருந்தேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. போகிற பாதையை மட்டும் நினைத்து, திரும்பி வருவதை விட்டுவிட்டேன். அக்காவும் திரும்பி வரும்போதுதான்.

"எங்க சேத்தாலும் ரோடு இருக்குதுங்க" என்றாள் மனைவி. "இல்லன்னா இங்கயே எட்டாவது வரிக்கும் வெச்சிக்கலாம். அப்பறம்? ஒம்பதாவதுக்கு ரோடு வந்து நிக்காதா? இல்ல, உங்கள மாதிரி நிறுத்திடலாமா?"

மகள் அறைக்குள் இருந்தாள். கேட்டிருப்பாள். விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது.

"மூணாவது பள்ளிக்கூடத்த நீங்க பாக்கல" என்றாள் மனைவி.

"பஸ்ஸுலேர்ந்து பாத்துருக்கறன்."

அவள் கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

பெரிய வகுப்புக்குப் போவது நல்ல காரியம் என்று வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை படையல் வைத்தோம். அன்றைக்கு எனக்குப் பூ லோடு இருந்தது. வேலை முடித்து நான் வருவதற்குள் படைத்து முடித்திருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன். நடுவீட்டில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அக்கா நின்றிருந்தாள். படையல் பாவாடை. பாதத்துக்கு மேலே சரியாக நிற்கிற நீளம். இடுப்பும் சரியாக இருந்தது. தலையில் கனகாம்பரம். அவள் படையல் பலகையில் இருந்த பொங்கலை ஒரு விரலால் எடுத்து நக்கிக்கொண்டிருந்தாள்.

மடிப்பு போட வேண்டியிருக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். எனக்குத் தெரியும். ஆனால் என்னால் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. அவள் திரும்பிவிடக் கூடாது என்று இருந்தது. திரும்பிவிட வேண்டும் என்றும் இருந்தது.

"ப்பா, ஏன் அங்கயே நிக்கற?" என்று திரும்பினாள் என் மகள். "பாரேன். தெச்ச மாதிரியே இருக்குது."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. படுத்திருந்தேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாவாடையை மாற்றிவிட்டு வந்திருந்தாள்.

"அத்தைக்கு என் வயசாப்பா?"

"ஆமா."

"நான் அங்க போனா நீ பயப்படுவ."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"போவலன்னாலும் பயப்படுவ" என்றாள். "அதுக்குப் போறதே மேலு. நீயும் வா. உள்ள வந்து பாரு. புடிக்கலன்னா நான் இங்கயே படிக்கறன். ஆனா நீ உள்ள வரணும்."

ஜூனில் பள்ளி திறந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். சாயங்காலம்தான் எனக்கு வேலையிலிருந்து விட்டார்கள். இப்போது ரோட்டுக்கு அடியில் சப்வே இருக்கிறது. ஊரிலிருந்து அது கொஞ்சம் தள்ளி இருப்பதால் பெரியவர்கள் பாதிப் பேர் தடுப்புச் சுவர் இடைவெளியிலேயே தாண்டுகிறார்கள். மழை பெய்தால் சப்வேயில் முழங்கால் தண்ணீர் நின்றுவிடும். அப்போது பிள்ளைகளும் மேலேதான். அன்றைக்கு மழை இல்லை. உள்ளே நடக்கும்போது தலைக்கு மேலே லாரிகள் போகிற அதிர்வு காதில் இல்லை, நெஞ்சில் கேட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைப் பிடித்திருந்தோம் என்று சொல்ல முடியாது.

தலைமை ஆசிரியை தெற்குப் பக்கத்துக்காரர். பேச்சிலேயே தெரிந்தது.

"வாங்க, உக்காருங்க. பிள்ளைய ஆறாவதுக்குச் சேர்க்க வந்திருக்கியளா? எந்தப் பக்கம்? ரோட்டுக்கு அந்தப் பக்கமா?"

"ஆமாங் டீச்சர்" என்றாள் மகள்.

"அப்போ நீ ரோட்டு மணிப் பிள்ள."

எனக்குப் புரியவில்லை என்பதை என் முகத்தில் பார்த்துவிட்டு அவரே சொன்னார். அந்தப் பள்ளியில் சாயங்காலம் இரண்டு தடவை மணி அடிக்கிறார்கள். முதல் மணிக்கு ரோட்டைத் தாண்டிப் போகிற பிள்ளைகள் மட்டும் எழுந்து, கேட் அருகே வரிசையாக நிற்க வேண்டும். முன்னால் விளையாட்டு சார் விசிலோடு போவார். கடைசியில் ஒரு டீச்சர். எல்லோரும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று சார் போன் பண்ணிய பிறகுதான் மற்றவர்களுக்கு இரண்டாவது மணி. முன்பு போன் இல்லாத காலத்தில் பச்சைத் துணியை ஆட்டிக் காட்டுவார்களாம்.

"சப்வே வந்தப்புறம் இது எதுக்குன்னு மேல கேக்காங்க. பத்து நிமிசம் வீணாப் போவுதாம். நான் நிப்பாட்டல. எனக்கு முந்தி இருந்தவங்களும் நிப்பாட்டல. ரொம்பக் காலத்துக்கு முன்ன யாரோ ஒரு பிள்ள ரோட்டுல போயிருச்சாம். அப்போ இருந்த ஒரு வாத்தியார் ஆரம்பிச்சது. யார் பிள்ளன்னு கூட இப்போ ஒருத்தருக்கும் தெரியல."

அந்த மணி எனக்குத் தெரியும். பாலி ஹவுஸ் ரோட்டை ஒட்டி, எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. காற்று இந்தப் பக்கம் அடிக்கிற நாட்களில் சாயங்காலம் இரண்டு முறை மணிச் சத்தம் கேட்கும். அடிக்கிற ஆள் மறந்துபோய் மறுபடியும் அடிக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். இத்தனை வருசமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டு பூ வெட்டிக்கொண்டிருந்தேன்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன்.

"அது எங்க அத்தைங் டீச்சர்" என்றாள் அவள்.

தலைமை ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "உங்க கூடப் பிறந்தவங்களா?"

தலையாட்டினேன்.

"பேர் என்ன?"

அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு காலம் ஆகிறது என்று தெரியவில்லை. மகள் அதைக் கேட்டதே கிடையாது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. அறைக்கு வெளியே பிள்ளைகள் ஓடுகிற சத்தம். சொன்னேன். என் காதுக்கே வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

அவர் அந்தப் பெயரை ஒரு முறை திருப்பிச் சொன்னார். சரியாகச் சொன்னார். அதற்குள் அவர் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டே, மகளின் சான்றிதழைக் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார். நான் கொடுத்தேன்.

அப்போது முதல் மணி அடித்தது. மிகப் பக்கத்தில். நாற்காலியின் கைப்பிடியில் அது அதிர்ந்தது. "போ, நீயும் வரிசையில நில்லு. இன்னைக்கே பழகிக்க" என்றார் அவர். மகள் ஓடிவிட்டாள். நானும் அந்த வரிசையின் பின்னாலேயே டீச்சருக்குப் பக்கத்தில் நடந்து சப்வேயைத் தாண்டி வந்தேன். அந்தப் பள்ளியிலிருந்து நான் வீடு திரும்பியது அதுதான் முதல் முறை.

மற்ற இரண்டு பள்ளிகளையும் இதையும் வைத்துப் பார்த்தால் இதில் குறை இல்லாமல் இல்லை. லேப்பில் பாதி நாள் தண்ணீர் வராது. வகுப்பில் பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பெனி வேலைக்காக மதுரை, திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும், வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகளும் சேர்ந்து ஒரே கூச்சல். என் மகள் இப்போது தெலுங்கில் திட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். கணக்குக்கு வாத்தியார் இருக்கிறார். கோ-கோவில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தத் தை மாசம் படையல் வைத்தோம். டெய்லர் பையன் அதே அளவுப் பாவாடையை வைத்துத்தான் தைத்துக் கொடுத்திருந்தான். மகள் உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். கணுக்காலுக்கு மேலே ஏறி, கெண்டைக்கால் தெரிந்தது. சட்டைக் கையும் இறுக்கிப் பிடித்தது.

"டெய்லரு துணிய மிச்சம் புடிச்சிட்டானா?" என்றாள் என் மனைவி.

"இல்லம்மா" என்றாள் மகள். கீழே குனிந்து பார்த்துக்கொண்டாள். சிரிக்கப் போய், என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "நான் அத்தையத் தாண்டிட்டன்."

பாவாடையை மாற்றிக்கொண்டு, மடித்து, பலகையில் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த வருசம் அதை உடுத்த எங்கள் வீட்டில் பிள்ளை இல்லை. சொந்தத்தில் யாராவது சின்னப் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும் என்றாள் மனைவி. அளவைக் கூட்டித் தைக்கலாமா என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கேட்ட பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் முதல் மணி அடிக்கிற நேரத்துக்கு நான் கத்தரியை வைத்துவிட்டு பாலி ஹவுஸ் கேட்டுக்கு வந்து நிற்கிறேன். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்வதில்லை. சப்வே வாயிலிலிருந்து விளையாட்டு சார் முதலில் வருவார். பின்னால் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிச்சத்துக்கு வருவார்கள். என் மகள் நடுவில் யாரோடாவது வம்பு பேசிக்கொண்டு வருவாள். என்னைப் பார்த்தாலும் தெரியாத மாதிரி போய்விடுவாள். கடைசியில் டீச்சர். கடைசிப் பிள்ளைக்கும் டீச்சருக்கும் நடுவில் எப்போதும் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கும். டீச்சர்கள் மாறுகிறார்கள், கடைசியில் வருகிற பிள்ளையும் மாறுகிறது. அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. அது என் பக்கத்தைத் தாண்டி, ஊருக்குள் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டாவது மணி அடிக்கும்.